ஐரிஷ் குருக்களும் விடுதலைப் போராட்டமும் (1916–1923): எந்தக் காப்பகத்தில் எதைத் தேடுவது?

கார்முகில் (கேள்வி)

வணக்கம். 1916-இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சி தொடங்கி 1923-இல் உள்நாட்டுப் போர் ஓயும் வரை அயர்லாந்தின் கத்தோலிக்கக் குருக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை தயாராகிறது. நூல்கள் கைவசம் உள்ளன. மூல ஆவணங்களில்தான் தடுமாற்றம்.

அயர்லாந்து அரசின் ராணுவ வரலாற்றுப் பணியகம் அந்தக் காலத்தவர்களிடம் வாங்கிய சாட்சியங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அதில் குரு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினால் வந்து கொட்டுகிறதே தவிர, எதை எடுப்பது, எதை விடுவது என்று பிடிபடவில்லை. இன்னொரு குழப்பம்: 1922-இல் டப்ளினில் பொது ஆவண அலுவலகம் எரிந்துபோனதே, அதில் திருச்சபை ஆவணங்களும் போய்விட்டனவா? கடைசியாக, "ஆயர்கள் எதிர்த்தார்கள், இளங்குருக்கள் ஆதரித்தார்கள்" என்று எல்லா நூலும் சொல்கிறதே, கடிதங்களைப் பார்த்தால் அது நிற்குமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

---

ஏட்டுப்பூச்சி

தீ விபத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1922 ஜூன் 30 அன்று ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்தது அரசின் ஆவண அலுவலகம். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், உயில்கள், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையின் பங்குப் பதிவேடுகள் எல்லாம் சாம்பலாயின. கத்தோலிக்க ஆயர்களின் கடிதங்கள் அங்கே இருந்ததே இல்லை; அவை ஆயர் இல்லங்களிலும் துறவிகளின் மடங்களிலும் இருந்தன. உங்கள் தலைப்புக்கு அந்தத் தீயால் பெரிய இழப்பு கிடையாது.

அடுத்தது, தேடும் முறை. திருச்சபைக் காப்பகங்களில் "விடுதலை இயக்கம்" என்று ஓர் அலமாரி இருக்காது. கடிதம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ அவர் பெயரில்தான் கட்டு இருக்கும். ஒரு குரு 1918-இல் சின் ஃபெய்ன் (விடுதலை கோரிய கட்சி) மேடையில் பேசினார் என்றால் அவர் பெயரில் கோப்பு இருக்க வாய்ப்பு குறைவு. புகார் போன இடம் அவருடைய ஆயர். ஆகவே "இவரைப் பற்றி யார் யாருக்கு எழுதியிருப்பார்கள்?" என்ற கேள்விக்கு முதலில் விடை காணுங்கள். அது தெரிந்தால் காப்பகம் எது என்பது தானே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் முதலில் வருபவை மூன்று. டப்ளின் மறைமாவட்டக் காப்பகத்தில் பேராயர் வில்லியம் வால்ஷின் கடிதங்கள் உள்ளன. 1885 முதல் 1921-இல் இறக்கும் வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். அவருக்குப் பின் வந்த எட்வர்ட் பர்னின் தாள்களும் அங்கேதான். வால்ஷ் ஆண்டுக்கணக்கில் அரசியல் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். குருக்கள், சாதாரண மக்கள், அரசு என்று பிரித்து அடுக்கியிருப்பார்கள். "குருக்கள்" கட்டோடு நிறுத்திவிட்டு "அரசு" கட்டைத் திறக்காமல் போவதுதான் பலர் செய்யும் தவறு. ராணுவத்திலிருந்தும் டப்ளின் கோட்டையிலிருந்தும் (பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமையகம்) குருக்களைப் பற்றி வந்த புகார்கள் அந்தப் பக்கம் இருக்கும்.

இரண்டாவது அர்மா. கர்தினால் லோக் 1887 முதல் 1924 வரை அங்கே பேராயர். அவருடைய தாள்கள் கர்தினால் ஓ ஃபீயச் நினைவு நூலகம், காப்பகத்தில் உள்ளன. அதே கட்டடத்தில் அருட்தந்தை லூயி ஓகேன் சேகரித்த ஒலிநாடாக்களும் உண்டு. அல்ஸ்டர் பகுதியின் பழைய போராளிகளிடம் அவர் நேரில் பதிவு செய்த பேட்டிகள் அவை. பணியகத்துக்கு வாய் திறக்காதவர்கள் சிலர் ஒரு குருவிடம் பேசியிருக்கிறார்கள் என்பதே அவற்றின் மதிப்பு.

மூன்றாவதைத்தான் எல்லாரும் கடைசியில் போய்ப் பார்க்கிறார்கள். உண்மையில் அதுவே முதலாவதாக இருக்க வேண்டும்: ரோமில் உள்ள ஐரிஷ் குருமடம். மைக்கேல் ஓரியர்டன் 1905 முதல் 1919 வரையும், ஜான் ஹேகன் 1919 முதல் 1930 வரையும் அதன் அதிபர்கள். ஐரிஷ் ஆயர்களுக்கு வத்திக்கானில் முகவர்களும் அவர்களே. அயர்லாந்தில் ஓர் ஆயர் அண்டை மறைமாவட்ட ஆயரிடம்கூட வெளிப்படையாகச் சொல்லாததை ரோமுக்கு எழுதினார். ஹேகனுக்கு வந்த கடிதங்களின் விவரப் பட்டியல் கடிதம் கடிதமாகச் சுருக்கம் எழுதி இணையத்தில் இருக்கிறது. பாதி வேலை வீட்டிலிருந்தே முடியும். குறிப்பாக வால்ஷின் செயலர் மைக்கேல் கரன் ஹேகனுக்கு எழுதியவற்றை வரிசையாகப் படியுங்கள். பேராயர் இல்லத்தின் உள்ளே வாராவாரம் என்ன பேச்சு ஓடியது என்பது அதில்தான் தெரியும்.

எச்சரிக்கை ஒன்று. போர்க்காலத் தபால் தணிக்கையில் கடிதம் பிரிக்கப்படும் என்று எழுதுபவர்களுக்குத் தெரியும். அதனால் பெயர்களை மழுப்பியும் ஜாடையாகவும் எழுதினார்கள். முக்கியமானதை ரோமுக்குப் பயணம் போகும் ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள். பட்டியலில் "பொருள் தெளிவில்லை" என்ற தொனியில் சுருக்கம் இருந்தால் அதைத் தள்ளிவிட வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள பத்துக் கடிதங்களோடு சேர்த்துப் படித்தால் அவிழும்.

---

நெய்தல்நிலம்

பணியகத்துச் சாட்சியங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மொத்தம் 1,773 சாட்சியங்கள். 1947 முதல் 1957 வரை சேகரிக்கப்பட்டு, 2003-இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. இப்போது ராணுவ ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசம். அதன் வரம்பு 1913 முதல் 1921 ஜூலை 11 போர்நிறுத்தம் வரை. 1921 டிசம்பரில் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிந்தைய பிளவு, உள்நாட்டுப் போர் எதையும் அது கேட்கவே இல்லை. உங்கள் கட்டுரையின் பின்பாதிக்கு, அதாவது குருக்களுக்கும் (ஒப்பந்தத்தை எதிர்த்த) குடியரசுவாதிகளுக்கும் உறவு முறிந்த கட்டத்துக்கு, இந்தத் தொகுப்பு கைகொடுக்காது. அங்கே ஒன்றும் இல்லை என்பதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் பலர் அரசுப் பணியகத்துக்குச் சாட்சியம் தரவே மறுத்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பொதுச் சொல்லைப் போட்டுத் தேடாமல் நேராகக் குருக்கள் கொடுத்த சாட்சியங்களுக்குப் போங்கள். சாட்சி எண் 200 கப்புச்சின் (பிரான்சிஸ்கன் வழித் துறவற சபை) துறவி அலோசியஸ். எண் 920 அதே சபையின் அகஸ்டின். எண் 687 மேலே ஏட்டுப்பூச்சி சொன்ன மைக்கேல் கரன், பிற்காலத்தில் மான்சிஞ்ஞோர். இந்தக் கடைசிச் சாட்சியம் மிக நீளமானது; முழுவதும் படிக்க வேண்டியது. 1916 ஏப்ரல் 24 காலையில் எழுச்சித் தலைவர் ஒருவரின் தந்தையான கவுன்ட் பிளங்கெட் பேராயர் இல்லத்துக்கு வந்து எழுச்சி தொடங்கப்போவதைச் சொன்னது அதில் வருகிறது. வால்ஷ் அப்போது நோயாளி. வந்தவரிடம் பேசியது கரன். அந்த மாதமே பிளங்கெட் ரோமுக்குப் போய்த் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்டைக் கண்டு வந்திருந்தார். இந்த ஒரு சம்பவத்தையே கரனின் சாட்சியம், ரோமுக்கு அவர் எழுதிய கடிதங்கள், வத்திக்கான் தாள்கள் என்று மூன்று பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். முப்பது ஆண்டு கழித்துச் சொன்னதற்கும் அந்த வாரத்திலேயே எழுதியதற்கும் வித்தியாசம் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரைக்குச் சாறு அங்கேதான்.

கப்புச்சின் துறவிகளின் குறிப்புகளில் எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கில்மைனம் சிறையில் எழுச்சித் தலைவர்களில் முதல் மூவர், பியர்ஸ், கிளார்க், மெக்டோனா, மே 3 அதிகாலையில் சுடப்பட்டார்கள். அன்று துறவிகள் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நற்கருணை கொடுத்த பின், சுடுவதற்கு முன்பே வெளியே அனுப்பப்பட்டுவிட்டார்கள். அலோசியஸ் ஆட்சேபித்த பிறகே, அடுத்த நாள் முதல் கடைசிக் கணம் வரை உடனிருக்க அனுமதி கிடைத்தது. ஆகவே பின்னர் சுடப்பட்ட ஷான் ஹியூஸ்டனின் கடைசி நிமிடங்களைப் பற்றிக் கப்புச்சின் துறவி ஆல்பர்ட் எழுதியது கண்ணால் கண்டது. மே 12 அன்று சுடப்பட்ட எழுச்சித் தலைவர் கானலியைப் பற்றி அலோசியஸ் சொல்வதும் அப்படியே. பியர்ஸ் சுடப்பட்ட கணத்தைப் பற்றி எந்தத் துறவியின் பெயரிலாவது வர்ணனை வந்தால் அது கேள்விப்பட்டதாகத்தான் இருக்க முடியும். இணையக் கட்டுரைகள் இரண்டையும் கலந்து அடிக்கின்றன.

மூலங்கள் இருப்பது டப்ளின் சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள ஐரிஷ் கப்புச்சின் காப்பகத்தில். புரட்சிக்காலத் தாள்களுக்கென்றே தனி விவரப் பட்டியல் உண்டு, இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். 1930 முதல் 1977 வரை அந்தச் சபை நடத்திய கப்புச்சின் ஆண்டிதழும் மின்வடிவில் உள்ளது. ஒரே துறவியின் நினைவுகள் கையெழுத்துப் படி, ஆண்டிதழில் அச்சான வடிவம், பணியகத்துச் சாட்சியம் என்று பல உருவில் கிடைக்கும்போது காலத்தால் முந்தியதை மேற்கோள் காட்டுங்கள். அச்சு வடிவம் பக்தி வாசகர்களுக்காகச் செதுக்கப்பட்டது.

சரணடைவு நாட்களுக்கு கப்புச்சின் துறவி கொலம்பஸ் மர்ஃபியின் குறிப்புகள் முக்கியம். ஏப்ரல் 30 அன்று பியர்ஸிடமே போய் சரணடைவு உத்தரவின் புதுப் படியை எழுதி வாங்கி வந்து, நார்த் கிங் ஸ்ட்ரீட் பகுதியில் சண்டையை விடாமல் நின்றவர்களிடம் காட்டியவர் அவர். அதே நாள் அலோசியஸும் அகஸ்டினும் ஜேக்கப்ஸ் பிஸ்கட் ஆலையில் இருந்த மெக்டோனாவிடம் தூது போனார்கள்.

---

மலைச்சாரல்

போலீஸ் பக்கத்தை யாரும் தொடவில்லை. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு தொடர்கள் போதும்: சிஓ 904, டபிள்யூஓ 35.

முதலாவது டப்ளின் கோட்டையின் தாள்கள். ஒவ்வொரு கவுன்டியின் போலீஸ் ஆய்வாளரும் மாதாமாதம் அனுப்பிய அறிக்கைகள் அதில் உண்டு. மேடையில் எந்தக் குரு பேசினார், என்ன பேசினார் என்பதெல்லாம் வரும். மைக்ரோஃபிலிம் படிகள் டப்ளினிலும் பெரிய பல்கலைக்கழக நூலகங்களிலும் இருக்கும். மின்வடிவம் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்.

இதைத் திருச்சபைத் தாள்களோடு பொருத்தும்போது எல்லைகள் இடிக்கும். போலீஸ் கணக்கு கவுன்டி வாரியாக. திருச்சபைக் கணக்கு மறைமாவட்ட வாரியாக. கில்லலோ மறைமாவட்டம் கிளேர் கவுன்டியோடு வடக்கு டிப்பரரியையும் ஆஃபலியில் ஒரு பகுதியையும் சேர்த்தது. அர்மா மறைமாவட்டத்துக்குள் தெற்கே லவுத் கவுன்டியும் வருகிறது. ஊர்ப்பெயர்களும் பழையவை: ஆஃபலி அப்போது கிங்ஸ் கவுன்டி, லீஷ் குயின்ஸ் கவுன்டி, கோவ் துறைமுகம் குயின்ஸ்டவுன். இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் வெறுங்கைதான்.

டபிள்யூஓ 35 ராணுவத் தாள்கள். 1920 ஆகஸ்டில் வந்த ஒழுங்கு மீட்புச் சட்டத்துக்குப் பின் பல பகுதிகளில் மரண விசாரணையை ஜூரியிடமிருந்து எடுத்து ராணுவ விசாரணை மன்றத்திடம் கொடுத்தார்கள். அந்த மன்றங்களின் பதிவுகள் இங்கே. 1920 டிசம்பர் 15 அன்று டன்மான்வே பங்குத்தந்தை கேனன் மேக்னர் துணைப்படையினன் (போலீஸுக்கு உதவப் பிரிட்டன் அமைத்த படையைச் சேர்ந்தவன்) ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டது போன்ற வழக்குகளுக்கு இதையும் செய்தித்தாளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மூன்று நாள் முன்பு, டிசம்பர் 12-இல்தான், அவருடைய ஆயர் கோஹலன் பதுங்கித் தாக்குபவர்களையும் ஆட்கடத்துபவர்களையும் திருச்சபையிலிருந்து விலக்கும் ஆணையைப் படித்திருந்தார். இரண்டு தேதியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், கார்க் மறைமாவட்டக் குருக்களின் நிலைமை புரியும்.

பெயர்க் குழப்பத்துக்கு மருந்து ஐரிஷ் கத்தோலிக்க டைரக்டரி. ஆண்டுதோறும் வரும், மறைமாவட்டம், பங்கு, குரு என்று வரிசை. சாட்சியத்தில் "ஃபாதர் மர்ஃபி" என்று மொட்டையாக வந்தால் அந்த ஆண்டு அந்தப் பங்கில் மர்ஃபி இருந்தாரா என்று இதில் பாருங்கள். பெயருக்குப் பின் சி.சி. என்றிருந்தால் உதவிப் பங்குத்தந்தை, பி.பி. என்றிருந்தால் பங்குத்தந்தை. துறவிகளுக்கு இரண்டு பெயர்: டொமினிக் ஓகானரின் திருமுழுக்குப் பெயர் ஜான், ஆல்பர்ட் பிபியுடையது தாமஸ். அரசுத் தாளில் எது வரும் என்று சொல்ல முடியாது, இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

---

கார்முகில்

மூவருக்கும் நன்றி. பணியகத்துத் தொகுப்பு 1921 ஜூலையோடு முடிகிறது என்பது திட்டத்தையே மாற்றுகிறது. அப்படியானால் 1922 அக்டோபரில் ஆயர்கள் வெளியிட்ட கூட்டுச் சுற்றுமடலையும் அதற்குப் பிந்தைய சண்டையையும் எங்கே தேடுவது? வத்திக்கான் காப்பகத்துக்கு விண்ணப்பிப்பது தேவையா?

---

ஏட்டுப்பூச்சி

சுற்றுமடலின் வாசகத்துக்காக எங்கும் அலைய வேண்டாம். மலைச்சாரல் சொன்ன டைரக்டரியிலேயே முந்தைய ஆண்டின் திருச்சபை நிகழ்வுகளைத் தொகுத்து அச்சிடுவார்கள். 1922 அக்டோபர் மடல் 1923 இதழில் இருக்கும். ஆயர்களின் மற்ற அறிக்கைகளுக்கும் இதே வழி. ஓர் ஆண்டு தள்ளிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சண்டைக்கு வருவோம். ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர்களுக்குத் திருவருட்சாதனங்கள் இல்லை என்று அந்த மடல் சொன்னது. குடியரசுவாதிகள் ரோமுக்கு மேல்முறையீடு போனார்கள். டாக்டர் கான் மர்ஃபியும் பேராசிரியர் ஆர்தர் கிளெரியும் அதைக் கொண்டுபோனவர்கள். 1923 வசந்தத்தில் திருத்தந்தை மான்சிஞ்ஞோர் லூட்சியோவை அயர்லாந்துக்கு அனுப்பினார். ஆயர்களும் புதிய ஐரிஷ் அரசும் அவரை வேண்டாத விருந்தாளியாகவே நடத்தித் திருப்பி அனுப்பினார்கள். இந்தக் கதையின் ஒரு முனை ஹேகன் தாள்களில். அவர் மனம் குடியரசுப் பக்கம் சாய்ந்தது. மறுமுனை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிக் காப்பகத்தில், குடியரசுத் தரப்புத் தலைவர் டி வலேராவின் தாள்களில், பி150 என்ற எண்ணில். அரசுத் தரப்புக்கு அங்கேயே அதன் ராணுவத் தலைவர் மல்காஹியின் தாள்கள், பி7. குடியரசுப் போராளி எர்னி ஓ'மாலியின் பேட்டிக் குறிப்பேடுகள் பி17. சிறையில் பாவசங்கீர்த்தனம் மறுக்கப்பட்டவர்களின் குரல் ஓ'மாலியிடம் கிடைக்கும். ஆனால் அவர் கையெழுத்து தலைவலி. பழகுவதற்கென்றே நாட்களை ஒதுக்க வேண்டும்.

வத்திக்கானுக்குக் கடைசியாகப் போங்கள். பட்டச் சான்றும் அறிமுகக் கடிதமும் கேட்பார்கள். பெனடிக்ட் காலத் தாள்களும் 11-ஆம் பயஸ் காலத் தாள்களும் திறந்திருப்பதால் தடை ஏதும் இல்லை. ஆனால் எங்கே தேடுவது என்பதில் இரண்டு பொறிகள். முதலாவது, 1908 வரை அயர்லாந்து விசுவாசப் பரப்புதல் பேராயத்தின் கீழ் இருந்தது. அதன் பின் இல்லை. 1916-ஐத் தேடி அங்கே போனால் நாள் வீண். இரண்டாவது, அயர்லாந்துக்குத் திருத்தந்தையின் தூதரகம் வந்ததே 1930-இல்தான். உங்கள் காலத்துக்குத் தூதரகக் கோப்பு என்று ஒன்று கிடையாது. செயலகத்தின் வெளிவிவகாரப் பிரிவுத் தாள்களில் இங்கிலாந்துத் தலைப்பின் கீழ் தேட வேண்டும். அந்தப் பிரிவின் காப்பகம் பெரிய காப்பகத்திலிருந்து தனி. அனுமதியும் தனியாக வாங்க வேண்டும்.

மறைமாவட்டக் காப்பகங்களுக்கு எழுதும்போது "விடுதலைப் போராட்டம் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பணிவான மறுப்புதான் வரும். பல இடங்களில் ஒரே ஒருவர், அதுவும் வாரத்தில் சில நாட்கள்தான். ஆயர் பெயர், குருவின் முழுப்பெயர், பங்கு, மாதம், ஆண்டு, யாரிடமிருந்து வந்த கடிதம் என்று ஐந்தாறு வரியில் எழுதுங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா, மேற்கோள் காட்ட யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதையும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். தாளைப் பார்த்த பிறகு வெளியிட அனுமதி இல்லை என்று தெரிவதுதான் பெரிய எரிச்சல்.

---

நெய்தல்நிலம்

"ஆயர்கள் எதிர்ப்பு, இளங்குருக்கள் ஆதரவு" பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்வதற்கு வசதியான சித்திரம், கடிதங்களில் நிற்காது. லிமெரிக் ஆயர் ஓட்வையர் எழுச்சியின்போது எழுபதைத் தாண்டியவர். இரண்டு குருக்களை, ட்ரம்காலஹரின் டாம் வாலையும் நியூகாசில் வெஸ்டின் மைக்கேல் ஹேயஸையும், அடக்கி வைக்கும்படி பிரிட்டிஷ் ராணுவத் தளபதி ஜெனரல் மேக்ஸ்வெல் 1916 மே மாதம் அவருக்கு எழுதினார். மே 17 அன்று ஓட்வையர் அனுப்பிய மறுப்பு, தலைவர்களைச் சுட்டுக் கொன்றதற்காக மேக்ஸ்வெலையே சாடியது. கில்லலோ ஆயர் ஃபோகர்ட்டி டாயில் (விடுதலை இயக்கம் அமைத்த நாடாளுமன்றம்) நிதிக்கு அறங்காவலர்களில் ஒருவர். பிறகு அவரே ஒப்பந்தத்தின் உறுதியான ஆதரவாளர். கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து 1918 ஏப்ரலில் மேனூத்தில் கூடிய ஆயர்கள் எல்லாருமே ஒரே பக்கம். வயதைவிடத் தேதிதான் பிரிக்கிறது: 1916 மே, 1918 ஏப்ரல், 1920 டிசம்பர், 1922 அக்டோபர். இந்த நான்கு இடத்திலும் ஒரே ஆளின் கடிதங்களை எடுத்துப் பாருங்கள்.

ஒரு குருவை வைத்துச் சோதிக்க வேண்டுமானால் மைக்கேல் ஓஃப்ளானகன் பொருத்தம். 1915-இல் ஸ்லைகோவின் கிளிஃபோனியிலிருந்து அவரை மாற்றியபோது ஊரார் புதிய குருவை உள்ளே விடாமல் கோயிலைப் பூட்டினார்கள். 1917-இல் சின் ஃபெய்ன் துணைத்தலைவர். 1918-இல் கிழக்கு கேவன் இடைத்தேர்தலில் பேசியதற்காக எல்ஃபின் ஆயர் காயின் அவரைப் பணியிடை நீக்கினார். 1919 ஜனவரி 21-இல் முதல் டாயிலின் தொடக்க ஜெபம் சொன்னார். டாயில் நடவடிக்கைகள் இணையத்தில் இலவசம், அதிலேயே தொடங்கலாம்.

---

மலைச்சாரல்

அந்தப் பெயரில் கவனம். ஈஸ்டர் வாரத்தில் தலைமைத் தபால் நிலையத்துக்குள் போராளிகளோடு இருந்த ஃபாதர் ஓஃப்ளானகன் வேறு ஆள்: ஜான், டப்ளின் ப்ரோ-கதீட்ரலின் உதவிக் குரு. சில தாள்களில் வெறும் ஃப்ளானகன் என்றிருக்கும். அவரைப் பற்றிய தாள்களை டப்ளினிலும் மைக்கேலைப் பற்றியவற்றை எல்ஃபினிலும் தேட வேண்டும்.